வயதானவர்களின் பல்: கேட்டதும் சொன்னதும்

கே: அம்மாவுக்கு 72. இனிப்பே தொடுவதில்லை. ஆனாலும் ஈறு ஓரமாகச் சொத்தை விழுகிறது. ஏன்?

ப: முதலில் அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை எடுங்கள். அலர்ஜி, மனச்சோர்வு, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவற்றுக்கான மாத்திரைகள், சில பிரஷர் மாத்திரைகள் என்று எச்சிலைக் குறைப்பவை நிறைய. சாப்பிட்டதும் வாயில் ஊறும் அமிலத்தைத் தணிப்பதும், கரைந்த கால்சியத்தைப் பல்லில் திரும்பச் சேர்ப்பதும் எச்சில்தான். வயதாக ஆக ஈறு இறங்கி வேர் தெரியும். வேருக்கு எனாமல் என்ற கெட்டியான மேல் உறை கிடையாது, சீக்கிரம் அரித்துவிடும். இதில், தொண்டை காய்கிறது என்று இருமல் மிட்டாயை வேறு நாள் முழுக்கச் சப்புவார்கள். அதில் இருப்பதும் சர்க்கரைதானே! ஃப்ளோரைடு பேஸ்ட்டால் தேய்த்து, நுரையைத் துப்பி, கொப்பளிக்காமல் தூங்கச் சொல்லுங்கள். ஃப்ளோரைடு பூச்சு பற்றிப் பல் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கே: பல்செட்டை ராத்திரி கழற்றணுமா?

ப: ஆமாம். தண்ணீரில் போடுங்கள். கொதிநீர் வேண்டாம், கோணிவிடும்.

கே: அப்பாவுக்கு இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழல் உண்டு. பல் பிடுங்குவதற்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நாங்களே நிறுத்திவிட்டோம். சரிதானே?

ப: தப்பு. இப்போதே இதய மருத்துவருக்குப் போன் போடுங்கள். பல் பிடுங்கிய இடத்தில் கசிந்தால் பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டினால் உயிருக்கே ஆபத்து.

கே: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகுமா?

ப: போகாது. அந்த நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

கே: கடைவாயில் மேல் பல் என்றால்?

ப: அதேதான்.

கே: எங்கள் பெரியம்மாவுக்குப் பிடுங்கிய வருஷமே கண் மங்கியதே?

ப: கண்புரையும் அதே வயதில்தான் வரும். கண் டாக்டரிடம் போங்கள்.

கே: புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கு நல்லதுதானே? ஜீரணத்துக்குப் பெரியவர்கள் போட்டதுதானே?

ப: பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் சொல்லிவிட்டது. புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம்.

கே: எங்கள் ஆத்தா 90 வரை இடித்துப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை.

ப: சந்தோஷம். ஒன்றும் ஆகாதவர்களை நீங்கள் பார்க்கிறீர்கள். பாக்கு போட்டே வாய் திறக்க முடியாமல் வருபவர்களை நான் பார்க்கிறேன். வெற்றிலையோடு எனக்குச் சண்டை இல்லை, பாக்கோடுதான். இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இருந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.

கே: எலும்புத் தேய்மானத்துக்கு வருஷம் ஒரு ஊசி போடுகிறார்கள். பல் பிடுங்கலாமா?

ப: பிடுங்குவதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். அந்த ஊசியால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும். மறுபடியும் சொல்கிறேன், மாத்திரைச் சீட்டோடு ஊசிச் சீட்டையும் கொண்டுபோங்கள்.