டின் கேட்கிறார்கள், துவரம்பருப்பு கொடுக்கலாமா?

ஈரோட்டிலிருந்து டெக்சாஸ் மாநிலத்துப் பிளேனோவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பையனுடைய பள்ளியில் ‘ஃபுட் டிரைவ்’ (இல்லாதவர்களுக்காக உணவுப் பொருள் திரட்டுவது) என்று காகிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். டின்னில் அடைத்த சாப்பாடு கேட்கிறார்கள், நம் வீட்டில் அது ஏது, பருப்பும் இந்தியக் கடையில் வாங்கி வைத்த 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையும் கொடுத்தால் வாங்குவார்களா என்பது உங்கள் முதல் கேள்வி. கணவரின் வேலை விசாவை ஒட்டி வரும் எச்-4 விசாவில் இருக்கும் நீங்கள், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் பேண்ட்ரியில் போய் உதவலாமா என்பது இரண்டாவது. கணவருடைய சித்தப்பா மகன் யு.டி. டல்லஸில் எம்.எஸ். படிக்கிறான், கையில் காசு முடை, பேண்ட்ரியில் வாங்கிச் சாப்பிட்டால் விசாவுக்கு வம்பு வருமா என்பது மூன்றாவது. இதை மட்டும் கடைசி வரியில், தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தம்பியை நாளைக்கே போகச் சொல்லுங்கள். யு.டி. டல்லஸ் வளாகத்திலேயே காமெட் கப்போர்டு என்று ஒரு பேண்ட்ரி இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களுக்காகவே நடத்துவது அது. வெளிநாட்டு மாணவரும் மாணவர்தான். அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை வேறு, இது வேறு. ஸ்னாப் என்று ஒன்று காதில் விழும், பழைய ஆட்கள் ஃபுட் ஸ்டாம்ப் என்பார்கள். ஏழைகள் சாப்பாட்டுச் சாமான் வாங்க அரசாங்கம் கொடுக்கும் பணம் அது. எஃப்-1 மாணவர் விசா, எச்-1பி வேலை விசா, உங்கள் எச்-4, யாருக்கும் கிடையாது. யார் சொன்னாலும் அதற்கு விண்ணப்பம் போட வேண்டாம். ஊரில் உள்ள மற்ற பேண்ட்ரிகளில் பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர், வருமானம் சுமாராக எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். நான் வேலை செய்த எந்த இடத்திலும் யாரிடமும் விசா கேட்டுப் பார்த்ததில்லை. தம்பியின் முடை ஒரு மாதத்தோடு தீராது என்று தெரிந்தால், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் போய்ப் பேசச் சொல்லுங்கள். பட்டினி கிடந்து படிப்பைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளை இங்கே பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு போன் போட்டால் ‘சாப்பிட்டேன்மா’ என்றுதான் சொல்வார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நல்ல சம்பளத்தில் இருந்துகொண்டு, ‘மளிகைச் செலவே இல்லாமல் அமெரிக்காவில் வாழ்வது எப்படி’ என்று பேண்ட்ரிப் பையைப் பிரித்துக் காட்டி வீடியோ போடும் நம் ஆட்களும் இருக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு எரியும். அதற்காக, உண்மையிலேயே இல்லாதவன் கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, டின்னுக்கு வருவோம். முதலில் ஃபுட் பேங்க் என்பதும் பேண்ட்ரி என்பதும் ஒன்றல்ல. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஃபுட் பேங்க் என்பது குடோன், பேண்ட்ரி என்பது ரேஷன் கடை. உங்கள் பிளேனோவிலேயே நார்த் டெக்சாஸ் ஃபுட் பேங்கின் பெரிய குடோன் இருக்கிறது. அங்கிருந்து சர்ச்சுகளிலும் பள்ளிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் இருக்கும் பேண்ட்ரிகளுக்குச் சரக்கு போகும். ஜனங்கள் வந்து வாங்குவது பேண்ட்ரியில். இப்படி நாடு முழுக்க ஏறக்குறைய 200 ஃபுட் பேங்குகள் ஃபீடிங் அமெரிக்கா என்ற அமைப்பின் கீழ் இருக்கின்றன. ‘பேங்க்’ என்ற பெயரே அரிசோனாவில் பிறந்தது. ஃபீனிக்ஸில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் 1967-ல் செயின்ட் மேரீஸ் ஃபுட் பேங்கைத் தொடங்கினார். கடைக்காரர்கள் குப்பையில் போட்டதை எடுத்துத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த ஒரு தாய், பணத்துக்கு பேங்க் இருக்கிற மாதிரி சாப்பாட்டுக்கும் ஒன்று இருந்தால் மிஞ்சியவர் போடுவார், இல்லாதவர் எடுப்பார் என்று அவரிடம் சொன்னாராம்.

இனி என் கதை. நான் வந்தது 2005-ல். முதல் ஃபுட் டிரைவ் வந்ததும், டின் சாப்பாட்டை யார் தின்பார்கள், நல்லதாகக் கொடுப்போம் என்று எனக்கு ஒரே உற்சாகம். மூட்டை அரிசியைப் பிரித்து ஜிப்லாக் பைகளில் இரண்டிரண்டு பவுண்டாகக் கட்டினேன். அம்மா அரைத்து அனுப்பிய சாம்பார் பொடி ஒரு பாட்டில். போதாததற்கு மாங்காய் ஊறுகாய் ஒரு கண்ணாடி ஜாடி. எல்லாவற்றையும் ஒரே அட்டைப் பெட்டியில் வைத்து, காரின் பின்னால் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வழியில் ஊறுகாய் ஜாடி உடைந்தது. நல்லெண்ணெயும் மிளகாயும் அரிசிப் பைகள் மேலெல்லாம் வழிந்து, பேண்ட்ரி வாசலில் டிக்கியைத் திறந்தபோது தெருவே மணத்தது. அங்கிருந்த வயதான அம்மாள் சிரித்துக்கொண்டே காகிதத் துண்டு கொண்டுவந்து என்னோடு சேர்ந்து துடைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: வீட்டில் கட்டிய பை எதையும் வாங்க முடியாது, உள்ளே என்ன இருக்கிறதென்று அச்சடித்த லேபிள் வேண்டும், இல்லாவிட்டால் வேர்க்கடலை ஒவ்வாத குழந்தை வீட்டுக்கு எதை நம்பிக் கொடுப்பது?

எனக்கு அது உறைத்தது. சாம்பார் பொடியில் என்னென்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு அவர்கள் வாங்காமல் திரும்பி வந்த பெட்டியைக் காட்டிலும், போகிற முன் ஒரு போன் போட்டுக் கேட்காமல் போனதுதான் என் தப்பு. இன்றைக்கு வரைக்கும் யார் என்னிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று அலமாரியைப் பார்க்காதீர்கள், அங்கே என்ன தீர்ந்துபோயிருக்கிறது என்று கேளுங்கள். நிறைய பேண்ட்ரிகள் இந்த வாரம் இன்னது தேவை என்று பட்டியலே போட்டுவைக்கும்.

பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பவை: பீநட் பட்டர், ஓட்ஸ், காலை உணவு சீரியல், சமையல் எண்ணெய், பழ டின், டூனா மீன் டின், சிக்கன் டின், பீன்ஸ் டின். நாங்கள் சைவம், டூனா வாங்கக் கை வரவில்லை என்றால் வாங்க வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. வேகவைத்த கொண்டைக்கடலை டின் இருக்கிறது, மெக்சிகோக்காரர் வீட்டிலும் ஓடும், அரபுக்காரர் வீட்டிலும் ஓடும். டின் எதுவானாலும் மூடியில் வளையம் வைத்து இழுத்துத் திறப்பதாகப் பாருங்கள். காரில் தூங்குகிறவனிடம் டின் திறப்பான் இருக்காது. கண்ணாடி ஜாடி வேண்டாம், காரணம் மேலே சொல்லியாகிவிட்டது.

துவரம்பருப்புக்கு ‘முடியாது’ என்று நான் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்துப் பேண்ட்ரிகளுக்கு நேபாளக் குடும்பங்களும் ஆப்கன் குடும்பங்களும் நம்மவர்களும் வருகிறார்கள். கம்பெனி பாக்கெட், ஆங்கில லேபிள், பிரிக்காதது என்றால் பல இடங்களில் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கிராமத்துப் பக்கம் போகிற சரக்கில் அது கலந்தால், வாங்கிப் போகிறவருக்கு அதை வைத்து என்ன செய்வதென்றே தெரியாது. அதற்குத்தான் கேளுங்கள் என்கிறேன்.

யாரும் நினைக்காத ஒன்று உண்டு. ஸ்னாப் பணத்தில் சாப்பாட்டுச் சாமான் மட்டும்தான் வாங்கலாம். சோப்பு, ஷாம்பூ, டாய்லெட் பேப்பர், குழந்தைக்கு டயப்பர், பெண்களுக்கு நாப்கின், இது ஒன்றும் வாங்க முடியாது. சுடச்சுடச் சமைத்த சாப்பாடும் பொதுவாக முடியாது. அதனால் கையில் கொஞ்சம் காசு இருந்தால் நான் டயப்பரும் நாப்கினும்தான் வாங்குவேன். அதை வாங்கிக்கொள்ளும் பெண்களின் முகத்தைப் பார்த்த பிறகு மக்ரோனி வாங்கத் தோன்றவில்லை.

தேதி விஷயம். பாக்கெட்டில் ‘பெஸ்ட் பை’ என்று போட்டிருப்பது, அதுவரை சுவை நன்றாக இருக்கும் என்று தயாரித்தவர் சொல்வது. அந்த நாள் போனதும் விஷமாகிவிடாது. குழந்தைகளின் ஃபார்முலா பால்பொடிக்கு மட்டும்தான் மத்திய அரசு தேதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது, அதில் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. இருந்தாலும் அலமாரியை ஒழிக்கிற சாக்கில் மூன்று வருடப் பழசைக் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள். வாலண்டியர் ஒருத்தி ஒவ்வொன்றாகப் பார்த்துத் தூக்கிப்போட வேண்டியிருக்கும், சில நாள் அந்த ஒருத்தி நான். நல்ல மனதோடு கொடுத்ததால் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் வருமோ என்று உங்கள் கணவர் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பில் எமர்சன் பெயரில் 1996-ல் வந்த சட்டம், நல்லெண்ணத்தில் தொண்டு நிறுவனத்துக்கு உணவு கொடுத்தவரைக் காப்பாற்றுகிறது. அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

பணமாகக் கொடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபுட் பேங்க் லாரிக் கணக்கில் மொத்த விலைக்கு வாங்குகிறது. நாம் சில்லறை விலையில் வாங்கும் நாலு டின்னின் காசில் அவர்கள் நிறைய வாங்கிவிடுவார்கள். உங்கள் கணவரின் கம்பெனியில் ‘மேட்சிங்’ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் 50 கொடுத்தால் கம்பெனியும் 50 போடும். டல்லஸ் பக்கத்து இந்தியர்கள் 2017-ல் ஹங்கர் மிட்டாவ் என்று ஓர் இயக்கம் தொடங்கி, நார்த் டெக்சாஸ் ஃபுட் பேங்கோடு சேர்ந்தே வேலை செய்கிறார்கள். இந்தியில் மிட்டாவ் என்றால் அழி, துடைத்தெறி. பெயர் இந்தியாக இருந்தால் என்ன, கைகொடுக்கலாம். ஆனால் பையன் கையில் மட்டும் ஒரு டின்னாவது கொடுத்து அனுப்புங்கள். நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போட்டதைப் பார்த்துத்தானே நமக்கெல்லாம் தெரிந்தது. செக் எழுதுவது குழந்தையின் கண்ணுக்குத் தெரியாது.

எச்-4 பற்றி. தொண்டு நிறுவனத்தில், எப்போதும் வாலண்டியர்கள் செய்கிற வேலையை, ஒரு பைசா வாங்காமல் செய்வதில் தடையில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்கிறேன் என்று போகக் கூடாது, கைச்செலவுக்கு என்று எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கணவரின் கம்பெனி வக்கீலிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள். நான் எட்டு வருடம் எச்-4-ல் இருந்தேன். பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு அந்தக் குடோனும் ஒரு காரணம். இரண்டு மூன்று மணி நேர ஷிஃப்ட், முன்கூட்டியே ஆன்லைனில் பதிய வேண்டும். மேஜையில் வந்து குவிவதைப் பிரித்துப் பெட்டி போடுவதுதான் வேலை. டின்னின் விளிம்பில் நசுங்கல் இருந்தாலோ, உப்பியிருந்தாலோ, லேபிள் போயிருந்தாலோ தனியே எடுத்துவிட வேண்டும். முன்பக்கம் மூடிய ஷூ கட்டாயம். முதல் நாள் நான் செருப்போடு போய், வாசலிலேயே திரும்பினேன். இங்கிலீஷ் தடுமாறுகிறது என்று எழுதியிருந்தீர்களே, பெட்டி ஒட்டுவதற்கு எந்த இங்கிலீஷ் வேண்டும்? என் இங்கிலீஷ் அந்த மேஜையில்தான் வந்தது, பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற டீச்சரோடு பேசிப் பேசி.

எப்போது கொடுப்பது என்பதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். நவம்பர், டிசம்பரில் தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் என்று குவிந்துவிடும். மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை தபால்காரர்கள் சங்கம் நடத்தும் டிரைவ் வரும். 1993 முதல் நாடு முழுக்க நடக்கிறது. பையில் போட்டு உங்கள் தபால் பெட்டியருகே வைத்தால் அவர்களே எடுத்துப் போவார்கள். அபார்ட்மென்ட் என்றால் லீசிங் ஆபீசில் எங்கே வைப்பதென்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் ஜூன், ஜூலை வந்தால் அலமாரி காலி. பள்ளி மூடிவிடுகிறது, பள்ளியில் இலவசமாகச் சாப்பிட்ட பிள்ளைகள் மதியமும் வீட்டில் இருக்கிறார்கள். சத்துணவு பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025-ல் செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல் மத்திய அரசாங்கம் 43 நாள் முடங்கி, நவம்பர் மாத ஸ்னாப் பணம் தடுமாறியபோது நான் பார்த்த கார் வரிசையை மறக்க மாட்டேன். அந்த வரிசையில் என் தெருக்காரர் ஒருவரும் இருந்தார். இருவரும் பார்த்தோம், கையசைத்தோம், அதோடு சரி. அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் வீட்டில் கொலுவுக்கு வருகிறவர்களிடம் ஆளுக்கொரு டின் கேட்பேன். சுண்டல் கொடுத்து டின் வாங்கிக்கொள்ளும் வீடு என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒன்பது நாளில் டிக்கி நிறைந்துவிடும்.

கடைசியாக உங்கள் சோனா மசூரி மூட்டை. பிரிக்கவில்லை என்றால் போன் போட்டுக் கேட்டுவிட்டு அப்படியே கொண்டுபோங்கள், 20 பவுண்டு அரிசி பெரிய குடும்பத்துக்கு உதவும். பிரித்துவிட்டீர்கள் என்றால், அந்த எம்.எஸ். தம்பியைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பொங்கிப் போடுங்கள், திரும்பும்போது பத்து பவுண்டு கட்டிக் கொடுங்கள். அவனுக்கு லேபிள் வேண்டாம்.