சாட்சி சொல்லும் வயது

வணக்கம் சார்,

யோகோஹாமாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை வீட்டு மணி அடித்தது. வாசலில் இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, கையில் சைக்கிள் ஹெல்மெட். மார்மன் மிஷனரிகளாம். என்னைவிட நன்றாக ஜப்பானிய மொழி பேசினார்கள். ஒருவனுக்கு 19 வயது, ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பம். இன்னொருவனுக்கு 20. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன், தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார்கள். அடுத்த வாரம் நான் இல்லாதபோது மழையில் நனைந்துகொண்டு மறுபடி வந்திருக்கிறார்கள். மனைவி எவ்வளவு சொல்லியும் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டார்கள். "பாவம், அம்மாகிட்டயாவது பேசுவாங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

எனக்கு மதம் மாறும் எண்ணமெல்லாம் இல்லை. ஆனால் 19 வயதில் நான் ஹாஸ்டலில் உட்கார்ந்து அரியர் பேப்பருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பையன்கள் நிஜமாகவே நம்பித்தான் வருகிறார்களா? மூளைச்சலவை என்கிறார்களே, அதுவா? அவர்கள் நாள் எப்படிப் போகும்? வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடலாமா?

அன்புடன்,
செந்தில், யோகோஹாமா

அன்புள்ள செந்தில்,

டீ விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உங்கள் டீயில் குறை ஒன்றும் இல்லை. மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் 1833ல் தனக்கு வந்த வெளிப்பாடு என்று சில உணவு விதிகளைச் சொன்னார். மது கூடாது, புகையிலை கூடாது, 'சூடான பானங்கள்' கூடாது. சூடான பானம் என்றால் டீயும் காபியும் என்று சபை பொருள் சொல்லிவிட்டது. அதனால் ஆறிப்போன டீயும் ஐஸ் காபியும்கூட ஆகாது, கொதிக்கக் கொதிக்க கோகோ குடிக்கலாம். போன இடமெல்லாம் பச்சைத் தேநீர் நீட்டும் ஜப்பானில் இது தினசரிச் சங்கடம். கோடையில் அங்கே எல்லோரும் குடிக்கும் பார்லித் தண்ணீர் தேயிலை சேராதது என்பதால் அதற்குத் தடையில்லை. உங்கள் வீட்டில் பூஸ்ட் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

உங்கள் மனைவி கூப்பிட்டும் உள்ளே வராததற்குக் காரணமும் ஒரு விதிதான். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் ஆண் மிஷனரிகள் நுழையக் கூடாது. அவர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மா விஷயத்திலும் அவருக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் போன் செய்யலாம், மற்றபடி கடிதம், பிறகு மின்னஞ்சல். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

சரி, அவர்கள் நாள். ஆறரைக்கு எழ வேண்டும். அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலைச் சாப்பாடு. அப்புறம் தனியாக வேதப் படிப்பு, உடன் ஊழியம் செய்யும் துணைவனோடு சேர்ந்து படிப்பு, வெளிநாடு என்றால் மொழிப் படிப்பும். பத்து மணி வாக்கில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத் திரும்பி, பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017ல் கொஞ்சம் தளர்த்தி, அந்தந்த ஊருக்கு ஏற்றபடி நேரத்தை மாற்றிக்கொள்ள விட்டிருக்கிறார்கள். சினிமா கிடையாது, காதல் கிடையாது, நீச்சலும் கிடையாது. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, 'தயாரிப்பு நாள்'. துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டோடு பேசுவது எல்லாம் அன்றைக்குத்தான். அன்று மாலையே மறுபடி வேலை தொடங்கிவிடும்.

இப்படி ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். 2012ல் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதை 19லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21லிருந்து 19 ஆகவும் குறைத்த பிறகு பெண்கள் நிறைய வரத் தொடங்கினார்கள். எந்த நாடு என்பதைப் பையன் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பத்தைப் பார்த்து சால்ட் லேக் சிட்டியில் உள்ள சபைத் தலைமையகத்தில் முடிவு செய்கிறார்கள். அந்தக் கடிதத்தைச் சொந்தபந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, உரக்கப் படிப்பது யூட்டாவிலும் ஐடஹோவிலும் ஒரு குடும்ப விழா. கையில் வருவது பெரு நாடாக இருக்கலாம், பக்கத்து மாநிலமாகவும் இருக்கலாம். சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பையன் என்றால் அவனோ அவன் குடும்பமோ மாதம் 500 டாலர் கட்ட வேண்டும், 2020 வரை அது 400. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே தொகை. ப்ரோவோ நகரப் பயிற்சி மையத்தில் சில வாரம் மொழிப் பாடம். அதற்கு மேல் தெருதான் பள்ளிக்கூடம். உங்கள் வீட்டுக்கு வந்த பையன்கள் அவ்வளவு சரளமாகப் பேசக் காரணம், ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அதே வாக்கியங்களைச் சொல்லி, கதவு சாத்தப்பட்டு, அடுத்த வீட்டில் மறுபடி சொல்வதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். என் அனுபவத்தில் வெளியே இருப்பவர்கள் யாரும் கேட்பதில்லை, ஊழியத்தில் இருந்து வந்தவர்கள் முதலில் பேசுவதே இதைத்தான். அதாவது துணைவன். மிஷனரி தனியாக இருக்கவே கூடாது. எப்போதும் இருவர், கழிப்பறை தவிர மற்ற இடத்திலெல்லாம் ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்க வேண்டும். யாரோடு என்பதை அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் தீர்மானிப்பார். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். துணைவன் மாறலாம், ஊர் மாறலாம், இரண்டும் மாறாமலும் போகலாம். சால்ட் லேக் சிட்டியில் சந்தித்த ஒருவர் இளவயதில் ஹொக்கைடோவில் ஊழியம் செய்தவர். பனியில் சைக்கிள் மிதித்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு துணைவனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் முகம் மாறியது. அந்தப் பையன் ஓயாமல் விசிலடிப்பானாம். "அவனை ஒரு மாற்றல் காலம் முழுக்கத் தாங்கினேன், அதுதான் என் ஊழியம்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் முழுக்க விளையாட்டில்லை. அவனோடு சண்டை போட்டால் வெளியே போய்க் காற்று வாங்கக்கூட முடியாது, அவனையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்!

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். நம்பித்தான் வருகிறார்களா?

நம் ஊர்ப் பெந்தெகொஸ்தே கூட்டங்களில் சாட்சி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். குடியை விட்டேன், நோய் தீர்ந்தது என்று நடந்த கதையைச் சொல்வார்கள். மார்மன் சாட்சி வேறு மாதிரி. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் இருந்து, சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். சின்னப் பிள்ளைகள்கூட மைக்கைப் பிடித்து "இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும்" என்பார்கள். 'நம்புகிறேன்' என்று சொல்வது அங்கே கொஞ்சம் பலவீனமாகத் தோன்றும். சபையின் மூத்த தலைவர்களில் ஒருவரான பாய்ட் பேக்கர் 1982ல் புதிய மிஷன் தலைவர்களிடம் பேசும்போது இதை ஒளிக்காமலே சொன்னார்: சாட்சி கிடைத்த பிறகு சொல்வதல்ல, சொல்லும்போதுதான் அது கிடைக்கிறது. ஆக, பாதி நம்பிக்கையோடு வரும் பையனுக்குச் சபை சொல்லும் வழி, இன்னும் அதிகமாகச் சொல் என்பதுதான். உங்கள் வாசலில் நின்று அவன் சொன்னது உங்களுக்கு மட்டுமான பேச்சில்லை.

உங்களிடமும் இதே முறையைத்தான் பயன்படுத்துவார்கள். வாதம் செய்ய மாட்டார்கள். 1820ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தோப்பில், எந்தச் சபையில் சேருவது என்று 14 வயதுப் பையனான ஜோசப் ஸ்மித் ஜெபித்ததையும், பிறகு தேவதூதன் காட்டிய பொன் தகடுகளிலிருந்து 'மார்மன் புத்தகம்' வந்ததையும் சொல்வார்கள். அது அச்சானது 1830ல். படித்துப் பாருங்கள், ஜெபியுங்கள், உண்மையா என்று கடவுளையே கேளுங்கள் என்பார்கள். அந்தப் புத்தகத்தின் கடைசியிலேயே அப்படிக் கேட்கச் சொல்லி ஒரு வசனம் உண்டு. புத்தகம் சொல்லும் பண்டைய அமெரிக்க வரலாற்றைச் சபைக்கு வெளியே உள்ள தொல்லியலாளர்கள் ஏற்பதில்லை. 1890 வரை சபை பலதார மணத்தை ஆதரித்ததையும், 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டதையும் நீங்கள் கேட்கலாம். அவர்கள் கேள்விப்படாதது எதுவும் இல்லை, கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதனால் மூளைச்சலவை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. எதையும் மறைத்து வைத்து அவர்களைப் பிடித்திருக்கவில்லை. ஆனால் சந்தேகம் வளர நேரமும் தனிமையும் வேண்டும். அந்த நாள் அட்டவணையில் இரண்டுமே இல்லை. என் ஆட்சேபம் அங்கேதான்.

1933ல் கார்டன் ஹிங்க்லி என்ற இளைஞர் இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரத்துக்கு ஊழியத்துக்குப் போனார். பொருளாதார மந்தக் காலம். யாரும் காது கொடுக்கவில்லை, உடம்பும் சரியில்லை. 'என் நேரமும் உங்கள் பணமும் வீணாகிறது' என்று அப்பாவுக்கு எழுதினார். உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார் என்று அப்பாவிடமிருந்து சின்னப் பதில் வந்தது. அதைப் படித்த நாள்தான் தன் வாழ்க்கையின் திருப்பம் என்று ஹிங்க்லி பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1995லிருந்து 2008ல் இறக்கும் வரை உலக சபைக்கே தலைவராக இருந்தவர் அவர். இந்தக் கதையை மிஷனரிகளுக்குச் சொல்லாத ஆளே இருக்க மாட்டார். எனக்கு அந்தப் பதில் பாதி பிடிக்கும். தன்னைப் பற்றியே யோசித்துக் குமைகிறவனுக்கு வேலை நல்ல மருந்து. ஆனால் 'என்னப்பா ஆச்சு?' என்று ஒரு வரி அதில் இல்லை. அந்த மருந்து ஹிங்க்லிக்குக் கேட்டது, எல்லோருக்கும் கேட்காது. மன உளைச்சலோடு பாதியில் திரும்புகிற பையன்களும் பெண்களும் உண்டு. இன்று சபை அவர்களைக் கனிவாக நடத்தச் சொல்கிறது. இருந்தாலும், ஊழியம் முடித்த பையனைத்தான் கல்யாணம் செய்துகொள் என்று பெண்களுக்குச் சொல்லி வளர்க்கும் ஊரில், ஒன்பதாவது மாதம் விமானம் ஏறித் திரும்பி வருகிறவன் தலைநிமிர்ந்து நடப்பது சுலபமில்லை. சாட்சியைச் சொல்லிச் சொல்லியும் அது கிடைக்காதவன் என்ன செய்வான் என்பதற்குப் பேக்கரின் வாக்கியத்தில் பதில் இல்லை.

ஆள் சேருவதை வைத்து இதை அளந்தால் ஜப்பான் இவர்களுக்குத் தோல்விதான். முதல் மிஷனரிகள் நால்வர் 1901 ஆகஸ்டில் வந்து இறங்கியது உங்கள் யோகோஹாமாவில். தலைமை ஹீபர் கிராண்ட். அவர் மொழியோடு மல்லுக்கட்டி, பலன் அதிகம் காணாமல் 1903ல் கிளம்பிவிட்டார். கூட வந்த ஆல்மா டெய்லருக்கு வயது 19. அவர் 1910 வரை இருந்து, மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்து 1909ல் வெளியிட்டார். 1924ல் ஜப்பான் மிஷனை மூடியபோது அதுவரை ஞானஸ்நானம் பெற்றவர்கள் 200 பேர்கூட இல்லை. மூடச் சொன்னவர் அதற்குள் சபைத் தலைவராகிவிட்ட அதே ஹீபர் கிராண்ட்! போருக்குப் பின் 1948ல் மறுபடி திறந்தார்கள். 1970களின் இறுதியில் டோக்கியோவில் ஒரு மிஷன் எண்ணிக்கை வெறியில் அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தது. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு சபைப் பக்கமே தலைகாட்டவில்லை. இன்றைக்குக் கதவு தட்டுவதைவிட அவர்கள் நடத்தும் இலவச ஆங்கில வகுப்புக்குத்தான் ஜப்பானியர்கள் வருகிறார்கள். வந்தவர்கள் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு மரியாதையாக வணக்கம் சொல்லிப் போய்விடுகிறார்கள்.

அதனால் நீங்கள் சேராவிட்டால் அந்தப் பையன்களுக்கு அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. தாராளமாகச் சாப்பிடக் கூப்பிடுங்கள், நீங்கள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து. மதம் மாற மாட்டேன் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நாம் மரியாதைக்குச் சொல்லும் பார்க்கலாமை அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வந்து நிற்பார்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்யலாமா என்று கேட்பார்கள், உங்களுக்குச் சம்மதமென்றால் செய்யட்டும். ஒன்பதுக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும், சைக்கிளில் போகிறவர்கள். ஆறரைக்கே இலை போட்டுவிடுங்கள். ரசத்தில் மிளகைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் நிறைய இருக்கட்டும்.