ரெஸ்டுக்கு மேல் என்ன ஒட்டுவது?

அன்புள்ள அண்ணனுக்கு,

திருவட்டாறு பக்கம் எங்கள் ஊர். என்னிடம் பேரலை (குழலை) மடக்கி லோட் செய்கிற .177 அங்குல ஸ்பிரிங் ஏர் ரைபிள் ஒன்று இருக்கிறது. வீட்டில் மிச்சம் கிடந்த அயினிப் பலகையில் 'வி' வெட்டு போட்டு சுடும்போது துப்பாக்கியைத் தாங்க நானே ஒரு ரெஸ்ட் செய்தேன். பழைய மெத்தையிலிருந்து இரண்டு அங்குல ஃபோம் வெட்டி மேலே ஒட்டினேன். பத்து மீட்டரில் கையில் தாங்கிச் சுட்டால் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுகிற பெல்லட்டுகள் (ஈயக் குண்டுகள்), ரெஸ்டில் வைத்தால் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன. ஃபோமுக்குப் பதில் ரப்பர் ஷீட் ஒட்டலாமா? தென்னநார் திணித்த பை நல்லதா? மணல் என்றால் கடல்மணல் போதுமா? மகள் பத்து மீட்டர் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள், அவளுக்கும் இது உதவுமா? தோட்டத்தில் ரப்பர் மரத்துச் சிரட்டையைக் குறியாக வைத்துத்தான் பழகுகிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்தச் சிரட்டையை விடுங்கள். மரத்தில் பட்ட பெல்லட் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது, பட்டையில் காயம் விழுந்தால் பால் போகும், விடியுமுன்னே பால் வெட்டுக்கு வருகிற ஆட்கள் எந்த மரத்தின் பின்னால் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியவும் செய்யாது. 2016 ஆயுத விதிகள்படி பேரல் துளை 4.5 மில்லிமீட்டருக்கும் (.177 அங்குலம்) ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது, எங்கே வேண்டுமானாலும் சுடலாம் என்பதற்கான அனுமதி இல்லை. ஒரு மரப்பெட்டியில் பழைய துணியை இறுக்கித் திணித்து, பின்பக்கம் இரும்புத் தகடு வைத்து, மண்சுவருக்கு முன்னால் போடுங்கள். சரி, ரெஸ்டுக்கு வருவோம்.

துப்பாக்கிக்கு மெத்தை போட வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஃபோமில் போய் விழுகிறார்கள். ரெஸ்டில் ஒட்டுகிற பொருளுக்கு வேலை வேறு. ஒவ்வொரு முறையும் துப்பாக்கி ஒரே மாதிரி உட்கார வேண்டும், சுட்டதும் தடையில்லாமல் வழுக்கி நகர வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கியில் ட்ரிக்கரை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் தள்ளுகிறது, பிஸ்டன் போய் நின்றதும் மறுபடி முன்னால் ஒரு உதறல். பெல்லட் பேரலை விட்டு வெளியே போவதற்குள் இந்த ஆட்டம் தொடங்கிவிடும். ஃபோம் அமுங்கி, திரும்ப எம்பி, அதுவும் வலப்பக்கம் ஒரு அளவு இடப்பக்கம் ஒரு அளவு என்று தள்ளும்போது குறி மேலும் கீழுமாகப் போகாமல் என்ன செய்யும்? கையில் தாங்கினால் நன்றாக விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விரித்த உள்ளங்கை துப்பாக்கியைப் பிடித்து நிறுத்துவதில்லை, போகிற போக்கில் விட்டுவிடுகிறது. ரெஸ்டும் அதைச் செய்தால் போதும்.

ஒரு சோதனை சொல்கிறேன். துப்பாக்கியை லோட் செய்யாமல் ரெஸ்டில் வைத்து, ஸ்கோப்பில் ஒரு புள்ளியைப் பிடியுங்கள். இப்போது பின்கட்டையைப் பிடித்து ஒரு அங்குலம் பின்னால் இழுத்து, மெல்ல முன்னால் தள்ளுங்கள். குறுக்குக் கோடு நேராகப் போய் அதே புள்ளிக்குத் திரும்பினால் பொருள் சரி. பக்கவாட்டில் நெளிந்தாலோ, ஒட்டி நின்று சட்டென்று விடுபட்டுத் துள்ளினாலோ அந்தப் பொருளைக் கழற்றிவிடலாம், ஒரு பெல்லட் செலவில்லை. இந்தச் சோதனைக்காக வெறும் துப்பாக்கியைச் சுட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியைப் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் சீல் கெடும்.

இதை வைத்துப் பார்த்தால் ரப்பர் ஷீட் முதல் ஆளாகத் தோற்கும். நம் ஊரில் கைக்கு எட்டுகிற பொருள் அது, ஆசை வருவது நியாயம்தான். ஆனால் ரப்பரின் குணமே பிடித்துக்கொள்வது. அதோடு புகைபோட்ட ஷீட் வல்கனைஸ் ஆகாத (கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்காத) ரப்பர், பாரம் வைத்தால் மெல்ல அமுங்கி அப்படியே நின்றுவிடும், வெயிலில் பிசுபிசுக்கும், துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய் பட்டால் ஊதும். அதைத் தூர எறிய வேண்டாம், ரெஸ்டின் காலுக்கு அடியில் ஒட்டுங்கள், மேசையில் நகராமல் நிற்கும். இயற்கை ரப்பருக்கு இந்த வேலையில் இடம் அங்கேதான்.

தென்னநாரும் துள்ளும். அதைவிடத் தொல்லை உப்பு. கதம்பையை (தேங்காய் மட்டையை) ஊறப்போடுவது பல இடங்களில் உப்பங்கழித் தண்ணீரில், அந்த உப்பு நாரில் மிஞ்சியிருக்கும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரம் குடித்த நாரின் மேல் துப்பாக்கியை வைத்துவிட்டுச் சாயாவுக்குப் போய் வந்தால் போதும், துரு தொடங்கிவிடும். கடல்மணலுக்கும் இதே கதை. நம் கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சி மணலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் மேசையில் வைத்துச் சுடுபவர்கள் பை அசையாமல் இருக்க 'ஹெவி சாண்ட்' என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். சிர்கான் மணலும் அதில் ஒன்று, சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் எடை. அந்தச் சிர்கான் நம் கரையில் இல்மனைட், மோனசைட் என்ற கனிமங்களோடு கலந்து கிடக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிரியக்கம் உண்டு, கரையிலிருந்து அள்ளுவது சட்டப்படி குற்றமும்கூட. அந்தப் பைக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துச் சுட வேண்டுமா, யோசியுங்கள்.

பைக்குள் போட, கட்டட வேலைக்கு வாங்கிய மணலில் இரண்டு படி எடுத்து, சலித்து, நான்கைந்து தண்ணீர் கழுவி, வெயிலில் காயவைத்து, கடைசியில் இரும்புச் சட்டியில் வறுத்துவிடுங்கள். விரலில் ஒட்டாமல் உதிர வேண்டும். அரிசி போடலாம் என்று ஒருவர் உங்களிடம் சொல்வார். நம் ஊர் ஈரத்தில் வண்டும் பூஞ்சையும் வரும், எலி வரும், வேண்டாம்.

பைக்குப் பழைய ஜீன்ஸ் கால் நல்லது. உள்ளே நெருக்கமாக நெய்த காடாத்துணியில் ஒரு பை, அதன் மேல் ஜீன்ஸ், இரட்டைத் தையல். முன்கட்டைக்கு அடியில் ஒன்று, பின்கட்டைக்கு அடியில் ஒன்று என்று இரண்டு பை வேண்டும். முன்பையை இறுக்கி நிரப்புவதுதான் வழக்கம், ஆனால் உங்களுடையது ஸ்பிரிங் துப்பாக்கி என்பதால் முக்கால்வாசி போதும், முன்கட்டை வைத்த இடத்தில் ஒரு குழி விழ வேண்டும். பின்பை இன்னும் தளர்வாக இருக்கட்டும், இடது கையால் பிசைந்து உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியும்.

அயினிப் பலகை ரெஸ்டையே வைத்துக்கொள்ள ஆசை என்றால் 'வி'யை அகலமாக்கி, பழைய மவுஸ்பேடை வெட்டி, துணிப்பக்கம் மேலே வருகிற மாதிரி ஒட்டுங்கள். மெல்லியது, துள்ளாது, துணி வழுக்கும். குட்டை முடிக் கம்பளமும் சரிதான். தோல் இவை எல்லாவற்றையும்விட நல்லது, செருப்புத் தைப்பவரிடம் துண்டுத் தோல் கிடைக்கும். வழவழப்பான பக்கத்தை மேலே வைத்து, கொஞ்சம் முகப்பவுடர் தூவித் தேய்த்துவிட்டால் துப்பாக்கி எண்ணெயில் போகிற மாதிரி போகும். ஆனால் சுட்டு முடித்ததும் துப்பாக்கியை அதன் மேல் விட்டுவைக்காதீர்கள், தோல் ஈரம் பிடிக்கும், பதனிட்ட உப்பும் உள்ளே இருக்கும். ஆணி அடிக்காமல் பசையால் ஒட்டுங்கள், ஆணித்தலை ஸ்டாக்கை (துப்பாக்கியின் கட்டையை) கீறிவிடும்.

எதை ஒட்டினாலும் பேரலை அதன் மேல் வைக்கக் கூடாது. ட்ரிக்கரைச் சுற்றியிருக்கிற வளையமான ட்ரிக்கர் கார்டுக்குச் சற்று முன்னால், துப்பாக்கி சமமாக நிற்கிற இடம், அங்கே ஸ்டாக்கில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள். இரண்டு அங்குலம் முன்பின் ஆனாலே குறி மாறும்.

மகளுக்கு? பத்து மீட்டர் போட்டியில் நின்றுகொண்டு, ரெஸ்ட் இல்லாமல்தான் சுட வேண்டும், ஆகவே பயிற்சிக்கு இது ஆகாது. எந்த பெல்லட் அவளுடைய துப்பாக்கிக்குப் பொருந்துகிறது என்று பார்க்க உதவும். ஒவ்வொரு வகையிலும் பத்து பத்து சுட்டு, காகிதத்தில் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இருவரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள், பெல்லட் ஈயம்.