உயிரியல் படித்தவர் மருத்துவப் புள்ளியியலுக்குப் போகலாமா?

தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. நுண்ணுயிரியல் படித்துவிட்டு மருத்துவ ஆய்வுகளின் தரவை அலசும் வேலைக்குப் போக முடியுமா என்பது ஒன்று. டி-டெஸ்ட், கை ஸ்கொயர், அனோவா என்று புள்ளியியல் சோதனைகள் எல்லாவற்றையும் சூத்திரத்தோடு மனப்பாடம் செய்தால் போதுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாகப் போகலாம். இரண்டாவதற்கு, போதாது, அந்த மனப்பாடம் தேவையும் இல்லை. கணக்கைக் கணினி போட்டுக்கொள்ளும். எந்தக் கேள்விக்காக அந்தக் கணக்கு, வந்த விடை நோயாளிக்கு என்ன சொல்கிறது என்பதைக் கணினி சொல்லாது. அதைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

உங்கள் பாடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. 1948-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை வெளியிட்டது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் சமவாய்ப்பு எண்களை வைத்துப் பிரித்து, மூடிய உறைகளில் போட்டுவைத்தார். ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர்.

மருந்தால் எந்தப் பயனும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். இதுதான் இன்மைக் கருதுகோள். அப்படியானால் மொத்தம் இறந்த 18 பேரும் இரண்டு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்பது ஒன்பதாகப் பிரிந்திருக்க வேண்டும். நடந்ததோ 4-க்கு 14. இந்த விலகலை அளப்பதுதான் கை ஸ்கொயர் சோதனை. போட்டுப் பாருங்கள், சுமார் 7.4 வரும், அதற்கான பி-மதிப்பு சுமார் 0.007. அதாவது, மருந்து ஒன்றுமே செய்யாத நிலையில், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவதற்கு ஆயிரத்தில் ஏழு வாய்ப்புதான். 'மருந்து வேலை செய்யாமல் இருக்க 0.7 சதவீத வாய்ப்பு' என்று இதைப் படிப்பது தவறு. படித்தவர்களே அடிக்கடி செய்யும் தவறு, நேர்காணலில் இதைக் கட்டாயம் கேட்பார்கள் என்று எதிர்பாருங்கள்.

பெரும்பாலான மாணவர்கள் பி-மதிப்பு வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே வந்துவிட்டது என்றதும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். மருத்துவருக்குத் தேவைப்படுவது 'எவ்வளவு' என்பது. இறப்பு 27 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, வித்தியாசம் 20 புள்ளிகள். அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது தரவோடு ஒத்துப்போகும் வித்தியாசங்களின் வீச்சு, ஏறக்குறைய 6 முதல் 34 வரை. உண்மையான பலன் சிறியதாகவும் இருக்கலாம், மிகப் பெரியதாகவும் இருக்கலாம். 107 பேரை வைத்து அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் படிப்பின் அருமை அப்போதுதான் தெரியும். ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்ததால் பல நோயாளிகளின் கிருமிகள் மருந்தை எதிர்க்கும் திறனைப் பெற்றுவிட்டன. ஆறு மாதத்தில் கண்ட பலனில் பெரும்பகுதி பின்னாளில் தேய்ந்துபோனது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழி அதன் பிறகே வந்தது. 0.007 என்ற எண்ணில் இதற்கான அறிகுறியே இல்லை. கிருமியைப் படித்த ஒருவர் மேசையில் இருந்தால், "ஆறு மாதம் போதுமா, எதிர்ப்புத் திறனையும் அளக்க வேண்டாமா?" என்று கேட்பார். கணிதம் மட்டும் படித்தவர்களோடு போட்டியிட வேண்டுமே என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் கொண்டுபோவது அவர்களிடம் இல்லாத ஒன்று.

எந்தச் சோதனையை எப்போது எடுப்பது என்பது நீங்கள் நினைப்பதைவிட எளிது. ரத்த அழுத்தம் போன்ற அளவை இரண்டு குழுக்களில் ஒப்பிட டி-டெஸ்ட். அதே ஆட்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால் இணைக்கப்பட்ட டி-டெஸ்ட். ஆம், இல்லை என்ற முடிவுகளுக்குக் கை ஸ்கொயர். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் ஃபிஷர் சோதனை. மருத்துவமனையில் தங்கிய நாட்களைப் போல ஒரு பக்கம் இழுபட்ட தரவுக்கு மேன்-விட்னி சோதனை பொருந்தும். இதற்குள் பலர் வழுக்குவது ஒரே இடத்தில்: தரவுகள் ஒன்றையொன்று சாராதவையா என்று பார்ப்பதில்லை. 50 நோயாளிகளின் இரண்டு கண்களையும் அளந்துவிட்டு, மாதிரி அளவு 100 என்று எழுதிவிடுவார்கள். மென்பொருள் மறுக்காமல் விடை கொடுக்கும். அந்த விடை செல்லாது.

நிறையச் சோதனை செய்து, வந்ததை மட்டும் எடுத்து எழுதும் பழக்கமும் தொற்றிக்கொள்ளக் கூடாது. உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத தரவில், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை 0.05 அளவில் செய்தால், ஒன்றாவது 'வித்தியாசம் உண்டு' என்று சொல்ல 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள். ஆஸ்பிரின் உயிர் காத்தது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மேற்கத்திய முறைப்படி மிதுனம், துலாம் ராசிக்காரர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் செய்வதுபோல வந்தது! குழுக்களைத் துண்டு துண்டாக்கிப் பார்த்தால் எதுவும் வரும் என்று எச்சரிக்கவே ஆய்வாளர்கள் அதையும் சேர்த்து வெளியிட்டார்கள். தரவைப் பார்ப்பதற்கு முன்பே பகுப்பாய்வுத் திட்டத்தை எழுதி வைப்பது இதற்காகத்தான். அதை எழுதுவது உங்கள் வருங்கால வேலையின் பெரிய பகுதி.

உங்கள் அப்பாவின் கவலை, வேலை நிலைக்குமா என்பது. மருந்து ஆய்வுகளுக்கான சர்வதேச வழிகாட்டுதலான ஐ.சி.எச். இ9, 1998 முதலே புள்ளியியல் வேலையின் பொறுப்பு தகுதியும் அனுபவமும் உள்ள புள்ளியியலாளரிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஆக, மருந்து ஆய்வுகள் நடக்கும்வரை இந்த இடம் இருக்கும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஆரம்ப வருடங்களில் பாதிக்கு மேற்பட்ட நேரம் தரவைச் சுத்தம் செய்வதில்தான் போகும்: 250 என்று பதிவான வயது, இரண்டு முறை ஏறிய நோயாளி, விடுபட்ட தேதி. இந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், அதை இறக்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 4, 55, 14, 52 என்ற எண்களை அதில் போட்டு நான் கொடுத்த விடைகள் வருகின்றனவா பாருங்கள். 'ஆர்' வழக்கமாகச் செய்யும் தொடர்ச்சித் திருத்தத்தால் கை ஸ்கொயர் கொஞ்சம் குறைவாக வரும். ஏன் என்று தேடிப் படியுங்கள். அடுத்து, அமெரிக்காவின் என்ஹேன்ஸ் (NHANES) உடல்நலக் கணக்கெடுப்பின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்து, புள்ளியியல் தெரியாத ஒரு செவிலியர் படித்துப் புரிந்துகொள்ளும்படி இரண்டு பக்கம் எழுதுங்கள். முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது உயிர்ப்புள்ளியியல், நோய்ப்பரவலியல் இரண்டையும் பாருங்கள். முதலாவதற்குப் பல இடங்களில் இளநிலையில் கணிதத் தாள் கேட்பார்கள், தகுதி விதியை வரிவரியாகப் படித்துவிடுங்கள். இறுதியாண்டில் விருப்பப் பாடம் எடுக்க வாய்ப்பு இன்னும் இருந்தால் நிகழ்தகவை எடுங்கள். அந்த இரண்டு பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், விண்ணப்பத்தோடு எதை இணைக்கலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.