பேசும்படம் வந்த புதிதில் வெளியான ஐரோப்பியப் படங்களில் இன்றும் பார்க்கத் தகுந்தது எது?

என் பதில், செக்கோஸ்லோவாக்கியாவில் எடுக்கப்பட்ட 'எக்ஸ்டஸி'. 1933 ஜனவரியில் பிராகில் வெளியானது. இயக்கியவர் குஸ்டவ் மஹாட்டி.

பெயரைக் கேட்டதுமே சிலர் நமட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். கதாநாயகி ஆடையில்லாமல் நீந்துவாளே, அந்தப் படமா? ஆமாம், அதேதான். அந்த மாதிரிக் காட்சிகளுக்காக வாட்டிகன் கண்டித்தது, 1935-ல் அமெரிக்கச் சுங்கத்துறை பிரதியைப் பறிமுதல் செய்தது. நடித்த ஹெடி கீஸ்லர் பின்னாளில் ஹாலிவுட்டில் ஹெடி லமார் ஆனார். ஆயுத வியாபாரியான அவருடைய முதல் கணவர் இந்தப் படத்தின் பிரதிகளைத் தேடித் தேடி விலைக்கு வாங்க முயன்றதாகச் சொல்வார்கள். இத்தனை வம்புக்கு நடுவில் படத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் பார்க்கச் சொல்வது அதில் பேச்சு எவ்வளவு குறைவு என்பதற்காக. ஒலி வந்துவிட்டது என்ற உற்சாகத்தில் மற்றவர்கள் பாத்திரங்களை ஓயாமல் பேசவிட்ட காலம் அது. மஹாட்டி வாயைக் கட்டிப்போட்டார். இதில் வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். செக் மொழிக்குச் சந்தை சிறியது. படத்தை செக், ஜெர்மன், பிரெஞ்சு என மூன்று மொழிகளில் தயாரித்தார்கள். வசனம் குறைந்தால் வேலையும் மிச்சம்தானே!

ஆரம்பத்தையே பாருங்கள். கல்யாணம் முடிந்து வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். வயதில் மூத்த கணவன் எமில், பூட்டில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறான், கதவு திறந்தபாடில்லை. அன்றிரவு ஏவா காத்திருக்கிறாள். அவன் படுக்கைக்கே வரவில்லை. இந்தக் கல்யாணம் உருப்படாது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, யாரும் சொல்லாமலே.

பிறகு அவள் அப்பா வீட்டுக்குத் திரும்புகிறாள். குளிக்கும்போது ஆடைகளோடு குதிரை ஓடிவிட, ஆதாம் என்ற இளம் பொறியாளர் அறிமுகமாகிறார், காதலும் பிறக்கிறது. இந்தப் பகுதி கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது கார் காட்சி. தற்செயலாக எமில்தான் ஆதாமைக் காரில் ஏற்றிக்கொள்கிறான். அவனிடம் தன் மனைவியின் முத்துமாலை இருப்பதைப் பார்த்துவிடுகிறான். ஒரு கேள்வி இல்லை, சண்டை இல்லை. வண்டியின் வேகம் மட்டும் ஏறுகிறது. எதிரே ரயில் வருகிறது. கடைசி நொடியில் பிரேக் போடுகிறான். எமிலாக நடித்த ஸ்வோனிமிர் ரோகோஸின் முகத்தை அந்த இடத்தில் கவனியுங்கள். வில்லனாக எழுதியிருக்கக்கூடிய ஆள் பரிதாபத்துக்குரியவனாகிவிடுகிறான்.

குறையும் உண்டு. முடிவுக்கு அருகே தொழிலாளர்கள் மண்ணை வெட்டுவதை ஒரு பாட்டு மாதிரி நீளமாகக் காட்டுவார்கள். வேறு ஏதோ படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போல எனக்குப் பட்டது. அப்புறம், வெட்டப்பட்ட பிரதிகள் நிறைய உலவுகின்றன. முழுமையான செக் பிரதியாகப் பார்த்துத் தேடுங்கள்.

இது பிடித்திருந்தால் மஹாட்டி 1931-ல் எடுத்த 'சனி முதல் ஞாயிறு வரை' படத்தையும் பார்த்துவிடுங்கள். பிராகில் தட்டச்சு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் ஒரு சனிக்கிழமை இரவு பணக்கார ஆண்களோடு கிளப்புக்குப் போகும் கதை. யாரோஸ்லாவ் யெஷெக்கின் இசைக்காகவே பார்க்கலாம்.