இரைச்சல் மிகுந்த சோதனை ஜாஸ், ராக் இசையை எப்படி ரீமிக்ஸ் செய்கிறார்கள்?

ஒரு பதிவில் தனித்தனித் தடங்களாக இருக்கும் டிரம்ஸ், கிட்டார், சாக்ஸபோன் ஆகியவற்றைப் பிரித்து, சிலவற்றை நீக்கி, சிலவற்றை நீட்டி, புதிய வரிசையில் அடுக்குவதே ரீமிக்ஸ். நடனப் பாடல்களில் தாளம் சீராக ஓடுவதால் இது எளிது. வழக்கமான வடிவங்களை மீறிப் புதியன முயலும் சோதனை இசையிலோ வேகம் அடிக்கடி மாறும், ஒலிவாங்கிகள் பக்கத்து வாத்தியத்தையும் சேர்த்தே பிடித்திருக்கும், பற்றிக்கொள்ளத் தெளிவான மெட்டும் பல வேளைகளில் இருக்காது. ஆகவே ரீமிக்ஸ் செய்பவர் ஒலியின் கரகரப்பு, அதிர்வு, எதிரொலி ஆகியவற்றையே மூலப்பொருளாகக் கொள்கிறார். கட்டம் போட்ட துணியைக் கோடு பார்த்து வெட்டுவது ஒரு வேலை; ஒழுங்கற்ற கிழிசல்களை நிறமும் நெசவும் பார்த்து ஒட்டுப்போர்வையாகத் தைப்பது வேறு வேலை.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1969 முதல் 1974 வரையிலான பதிவுகளை இசைத் தயாரிப்பாளர் பில் லாஸ்வெல் 1998இல் ‘பந்தலாசா’ என்ற தொகுப்பாக மறுவடிவமைத்தது நல்ல எடுத்துக்காட்டு. டேவிஸின் அந்த மூலப் பதிவுகளில் பலவும்கூட, அவற்றின் தயாரிப்பாளர் டியோ மசெரோ ஒலிநாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கியவையே என்பதுதான், என் பார்வையில், இதில் மிகச் சுவையான செய்தி.

இரைச்சலைத் துடைத்துவிட்டு அடியில் ஒரு நடனத் தாளத்தைச் சேர்ப்பதே இத்தகைய ரீமிக்ஸ் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பல ரீமிக்ஸ்களில் இரைச்சல் அப்படியே இருக்க, அதன் இடமும் அளவுமே மாற்றப்படுகின்றன.