தோட்டப் பத்திரத்தைப் பீரோவில் வையுங்கள் அண்ணா

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்திலிருந்து அப்பா, தாய்மாமன், பொண்ணு என மூன்று பேர் பொண்ணின் மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டா, கம்ப்யூட்டர் சயின்ஸ். நாலு வருஷத்துக்குப் பதினாறு லட்சம். மாந்தோப்பை அடமானம் வைக்கப் பத்திரத்தை மஞ்சப்பையில் கொண்டு வந்திருந்தார் அப்பா. பேசினதெல்லாம் மாமாதான்.

"உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றதும் மாமா கழித்துவிட்ட பழைய லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் புள்ளிகள் அலைகின்றன, முட்டினால் ஒட்டிக்கொண்டு பெரிதாகின்றன. ஊதுபத்திப் புகையாம், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருக்கிறாள். "புள்ளியை ரெண்டு மடங்காக்குனா மோதுறது நாலு மடங்காகுது சார்." போலந்து இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி 1916 வாக்கில் எழுதிவைத்த கணக்கின் உயிர்நாடியே அதுதான். எனக்குப் புல்லரித்துவிட்டது. மாமா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணா, உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பப் போவதில்லை. அந்தச் சீட் வேண்டாம்.

அவள் விளையாட்டாகச் செய்தது ஒரு துறை. ஓடும் காற்றிலோ திரவத்திலோ நானோ துகள் எப்படிப் பிறக்கிறது, வளர்கிறது, எங்கே படிகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது. கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் மருந்தைச் சுமக்கும் கொழுப்புத் துகள் சுமார் 100 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). சாராயத்தில் கரைத்த கொழுப்பு தண்ணீரோடு எவ்வளவு வேகமாகக் கலக்கிறது என்பதுதான் அந்த அளவைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஓசூர்ப் பக்கம் வாகனத் தொழிற்சாலை இருக்கிறதே, அங்கும் இதே கதை: 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி, டீசல் கார்ப் புகையில் கிலோமீட்டருக்கு 60,000 கோடித் துகளுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. எடை போட்டால் போதாது, எண்ண வேண்டும்.

வழி இதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல் அல்லது கணிதம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் ஜாம் நுழைவுத்தேர்வு. தேறினால் ஐஐடியில் எம்.எஸ்சி. நடுவில் சி பிளஸ் பிளஸ், லினக்ஸ், காற்று, திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருள் எல்லாம் கற்றுக்கொள்ளட்டும். ஓப்பன்ஃபோமுக்குக் காசே கிடையாது. திருச்சி என்ஐடியில் பரம் பொருள் என்றொரு சூப்பர் கம்ப்யூட்டர் 2022 முதல் ஓடுகிறது. இந்த மாதிரிப் பெரிய கணக்குகளுக்கு அது உதவும்.

வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் இந்தத் துறையில் வேலை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் வரை போகவேண்டி வரலாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் ஆராய்ச்சியின் முதல் ரெண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இத்தனை வருஷம் பொறுக்கமாட்டேன் என்று அவளே சொன்னால் வேறு பேசுவோம். அவள்தான் சொல்லவேண்டும், மாமா இல்லை.

மாமாவுக்கு ஒரே ஒரு வேலை. அந்த லேப்டாப் பத்தாயிரம் புள்ளிக்கே திணறுகிறது. ரேம் கூட்டிக் கொடுங்கள்.